ஐ.சி.எஃப். ஸ்லீப்பர் ரெடிமேட் மாடல்: அச்சு அசலாம்!

பெரம்பூர் கேரேஜ்:
நேத்து ஒரு தம்பி போட்ட வீடியோவைப் பாத்ததுலேர்ந்து எரிச்சல் அடங்கல. புதுசா வந்திருக்கிற ஹெச்.ஓ. (நிஜத்துல 87-ல ஒரு பங்கு) ஸ்லீப்பர் கோச் மாடல், பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை டிசைன், நீல கலர். டப்பாவுலேர்ந்து எடுத்தார், வெளிச்சத்துல ஒரு சுத்து சுத்திக் காட்டினார், "அச்சு அசல், ஒரு மில்லிமீட்டர் பிசகு கிடையாது"ன்னு முடிச்சுட்டார். கீழே ஒரே கைதட்டல். அளந்தாரா? வீடியோ முழுக்க ஒரு ஸ்கேல் கூடக் கண்ணுல படல.

அதே கோச்சை நான் வாங்கி அளந்தேன். போகியில (கோச்சுக்குக் கீழ சக்கரங்களோட இருக்கற சட்டம், கோச்சுக்கு ரெண்டு) ஒரு சக்கரத்தோட இடது விளிம்புல வெர்னியர் அளவுகோலோட ஒரு தாடையை வெச்சு, அடுத்த சக்கரத்தோட இடது விளிம்பு வரைக்கும் எடுத்தா அச்சுக்கு அச்சு தூரம் நேரா கிடைக்கும். 31.0 மி.மீ. ரெண்டு போகியும் அதேதான்.

நிஜ ஐ.சி.எஃப். போகியோட வீல்பேஸ், அதாவது இந்த அச்சுக்கு அச்சு தூரம், 2,896 மி.மீ. பழைய கணக்குல ஒன்பதரை அடி. 87-ஆல வகுங்க. 33.3 வரணும். 2.3 மி.மீ. எங்க போச்சு? நிஜ வண்டியில அது 200 மி.மீ., கிட்டத்தட்ட ஒரு ஜாண். ஒரு ஜாண் வெட்டின போகிக்குப் பேர் அச்சு அசலா?

மொட்டைமாடி லேஅவுட்:
வணக்கம் சார். அந்தக் கோச்சு என்கிட்டயும் இருக்கு. பாடி நீளம் 245 மி.மீ. நிஜத்துல 21,337, அதாவது 70 அடி. 87-ஆல வகுத்தா 245.3. ரெண்டு போகி மையத்துக்கும் நடுவுல 170. நிஜத்துல 14,783, வகுத்தா 169.9. சக்கரம் 10.5, நிஜத்துல 915, அதுவும் சரி. இத்தனை சரியா வந்திருக்கு. அதைப் பத்தி ஒரு வரி எழுதினீங்களா? இல்ல. தப்பு ஒண்ணைப் பிடிச்சிட்டு வந்து உக்காந்துட்டீங்க.

மூணு அடி தள்ளி நின்னு பாருங்க சார். ஓடுற வண்டியில போகி 31-ஆ 33-ஆன்னு எவன் கண்ணுக்குத் தெரியும்?

பெரம்பூர் கேரேஜ்:
என் கண்ணுக்குத் தெரியும். ரிட்டயர் ஆகற வரைக்கும் போகி ஷாப்புல நின்னவன் நான்.

சொல்றேன், பாருங்க. ஐ.சி.எஃப். போகியில ஒவ்வொரு ஆக்ஸில் பாக்ஸுக்கும் ரெண்டு பக்கம் ரெண்டு ஸ்பிரிங், உள்ளே அதிர்வை அடக்கற எண்ணெய் டேஷ்பாட். நடுவுல பாடியைத் தாங்கற குறுக்குச் சட்டம், போல்ஸ்டர், அதுக்குத் தனி ஸ்பிரிங். அச்சு ஸ்பிரிங்குக்கும் நடு ஸ்பிரிங்குக்கும் இடையில இடம் விட்டிருக்கும், அங்கேதான் பிரேக் கம்பியெல்லாம் தெரியும். உங்க மாடலைக் கவுத்து வெச்சு ஒரு போகியைப் பாருங்க. நடு ஸ்பிரிங் போய் அச்சு ஸ்பிரிங்கோட ஒட்டிக்கிட்டு நிக்குது. மூச்சு விட இடமில்ல. வீல்பேஸைக் குறைச்சா அப்படித்தான் ஆகும். 33.3 இருந்திருந்தா ஒட்டாது.

//எவன் கண்ணுக்குத் தெரியும்// அப்படின்னா சோப்பு டப்பாவுக்கு நீலம் அடிச்சு ஓட்டுங்களேன். மூணு அடி தள்ளி நின்னா அதுவும் கோச்சுதான்.

பி4 பித்தன்:
வெர்னியரை எடுத்ததுதான் எடுத்தீர்கள், ஐயா, அதை ஒரு முறை தண்டவாளத்தின் குறுக்கேயும் வைத்திருக்கலாமே. 16.5 மி.மீ. காட்டும். அதை 87-ஆல் பெருக்குங்கள். 1,435. ஐரோப்பாவின் ஸ்டாண்டர்டு கேஜ் அது. நம் அகலப் பாதை 1,676. இந்தியப் பெட்டிக்கு ஹெச்.ஓ.வில் 19.26 வேண்டும்.

2.76 மி.மீ. ஒடுக்கமான பாதையில் நிற்கும் பெட்டியின் கீழே உட்கார்ந்து 2.3 மி.மீ.க்கு அழுகிறீர்கள். அஸ்திவாரமே விலகிப்போன வீட்டில் ஜன்னல் மட்டம் பார்க்கிற மேஸ்திரி மாதிரி இருக்கிறது.

16.5 இருக்கும் வரை இங்கே யாரும் அச்சு அசல் என்ற பேச்சை எடுக்க வேண்டாம். அந்த வீடியோத் தம்பியும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்.

பெரம்பூர் கேரேஜ்:
வந்துட்டார்யா. கேஜ் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. ரெடிமேட் தண்டவாளம் கடையில கிடைக்கறது 16.5-லதான். அது சமரசம். இங்கிலீஷ்காரனே ஓ.ஓ.ங்கற மாடல் அளவுல அதைத்தான் பண்றான். போகி வீல்பேஸுக்கு என்ன சமரசம் வேணும்? கடையில கிடைக்கற தண்டவாளத்துக்கும் போகியோட நீளத்துக்கும் என்ன சம்பந்தம்? 33.3 வெச்சாலும் அதே தண்டவாளத்துல அதே மாதிரி ஓடும். குறைச்சதுக்கு ஒரு காரணம் சொல்லச் சொல்லுங்க.

மொட்டைமாடி லேஅவுட்:
காரணம் இருக்கு சார். செஞ்சவரோட நான் பேசியிருக்கேன். வளைவுக்காக. நம்ம வீடுகள்ல யாரு பெரிய வளைவு போடறா? 438 மி.மீ. ரேடியஸ்தான் பல பேர்கிட்ட இருக்கு, சில பேர் 371 கூட வெச்சிருக்காங்க. போகி நீளமானா படிக்கட்டுல இடிக்கும்.

பெரம்பூர் கேரேஜ்:
இடிக்குமாம். WDM2 டீசல் எஞ்சின் மாடல் வெச்சிருக்கீங்களா இல்லையா? அது ஆறு சக்கர போகி, ஒவ்வொண்ணுலயும் மூணு அச்சு. ஐ.சி.எஃப். போகியை விட எவ்வளவு நீளம்! அதே 438-ல அது திரும்புதா இல்லையா? கோச்சு போகி 33.3 ஆனா மட்டும் இடிக்குமா? படிக்கட்டு இடிச்சா படிக்கட்டோட உள்பக்கத்தைச் சீவணும். போகியைச் சீவக் கூடாது.

செஞ்சவர் உங்க சிநேகிதர்ன்னா தெளிவா சொல்லிட்டு எழுதுங்க. நடுநிலை மாதிரி வேஷம் வேண்டாம்.

மொட்டைமாடி லேஅவுட்:
சிநேகிதர்தான். அதுக்கென்ன? நம்ம ஊர்ல ஒருத்தர் கைக்காசைப் போட்டு அச்சு வெட்டி ஒரு இந்தியக் கோச்சைக் கொண்டு வர்றார். பத்து வருஷம் முன்னாடி இதெல்லாம் கனவு. அமெரிக்கக் கோச்சுக்கு நீலம் அடிச்சு ஓட்டினோமே, மறந்துடுச்சா?

நான் திருச்சி. பொன்மலை ஒர்க்‌ஷாப் பக்கத்துலயே வளந்தவன். போகி பெரம்பூர்ல மட்டும்தான் இருக்குன்னு நினைச்சுக்காதீங்க.

பெரம்பூர் கேரேஜ்:
பொன்மலை பக்கத்துல வளந்தா போகி தெரியுமா? எங்க வீட்டுப் பக்கத்துல ஐகோர்ட்டு வக்கீல் இருக்கார், நான் வாதாடப் போகலாமா?

நம்பர்ப் பைத்தியம்:
ரெண்டு பேருமே முக்கியமான தப்பை விட்டுட்டீங்க. பாடியில என்ன நம்பர் அடிச்சிருக்கு? 05437. முதல் ரெண்டு எண் கட்டின வருஷம், 2005. சரி. கடைசி மூணு எண் கோச்சோட ரகம். ஸ்லீப்பருக்கு 201-லேர்ந்து 400 வரைக்கும். 401-லேர்ந்து ஜெனரல். 437-ன்னா அன்ரிசர்வ்டு கோச். ஸ்லீப்பர் பாடியில ஜெனரல் நம்பர்! இதை யாருமே கவனிக்கல.

பெரம்பூர் கேரேஜ்:
நம்பர் ஸ்டிக்கர். நாளைக்கு நகத்தால சுரண்டிட்டு வேற ஒட்டலாம். 31-ஐ நகத்தால சுரண்டி 33.3 ஆக்க முடியுமா?

நம்பர்ப் பைத்தியம்:
அது ஸ்டிக்கர் இல்ல. பேட் பிரின்டிங், பாடி மேலயே மையில அடிச்சது. சுரண்டினா நீலம் வந்துடும்.

செங்கோட்டை மீட்டர்கேஜ்:
அண்ணாச்சிமாரே, எல்லாரும் சண்டை போடுதீங்க, ஒருத்தரும் விசயத்துக்கு வரல. ஹெச்.ஓ.வுல ஒழுங்கா அமையுதது மீட்டர்கேஜ்தான். 1,000 மி.மீ.யை 87-ஆல வகுத்தா 11.5. கடையில கிடைக்கது 12 மி.மீ. தண்டவாளம். அரை மில்லிமீட்டருதான் வித்தியாசம். அகலப் பாதைக்கு 2.76 மி.மீ. நட்டப்படுததுக்கு, பேசாம மீட்டர்கேஜ் செஞ்சா என்ன? YP நீராவி எஞ்சினு, YDM4 டீசலு, மரப்பலகை சீட்டு. 2010-ல செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையை மூடுதவரைக்கும் பாத்தவங்க எத்தன பேரு இருக்கோம்! ஒருத்தரும் ரெடிமேட்ல செய்யமாட்டங்காங்க.

பி4 பித்தன்:
இந்தத் திரியில் இதுவரை எழுதியவர்களில் கணக்குப் போட்டவர் இவர் ஒருவர்தான்.

பெரம்பூர் கேரேஜ்:
மூடின பாதைக்கு மாடல் வேணும்னா தனித் திரி ஆரம்பிங்க. இது ஐ.சி.எஃப். போகி. 33.3.

செங்கோட்டை மீட்டர்கேஜ்:
மூடின பாதைன்னு எளக்காரமா சொல்லுதீங்க. 2018-ல இருந்து அது அகலப் பாதையா ஓடுது. நீங்க சொல்லுத ஐ.சி.எஃப். பெட்டியே 2018 ஜனவரியில கடைசியாக் கட்டி முடிச்சாச்சு. உங்க பெட்டியும் மியூசியம் சரக்குதான் வே.

மொட்டைமாடி லேஅவுட்:
:) :) இது பாயிண்ட்டு.

பெரம்பூர் கேரேஜ்:
சிரிங்க. ஐ.சி.எஃப். 1955-ல ஆரம்பிச்சது. சுவிட்சர்லாந்துல ஷ்லீரன் கம்பெனிகிட்ட தொழில்நுட்பம் வாங்கி, அறுபது வருஷத்துக்கு மேல அந்த டிசைன்ல கோச்சு கட்டியிருக்கான். நாட்டோட பாதி ஜனம் அந்த ஒன்பதரை அடி போகி மேலதான் ஊருக்குப் போயிருக்கு. அதை மியூசியம் சரக்குங்கறீங்க. இப்பவும் லைன்ல ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, போய்ப் பாருங்க.

இன்னொண்ணு. உங்க யாருக்கும் தோணாதது. 31.0-ஐ 93.5-ஆல பெருக்கிப் பாருங்க. 2,898. புரியுதா? ஐரோப்பாவுல நீளமான கோச்சு வளைவுல திரும்பணும்னு 1:93.5-ல குறைச்சு அடிப்பாங்க. 26.4 மீட்டர் கோச்சு 87-ல 303 மி.மீ. வரணும், ஜெர்மன் மாடல் கம்பெனி மார்க்லின் 282-ல போட்டான், அது 93.5 கணக்கு. நம்ம ஆளு எங்கேயோ ஒரு 93.5 டிராயிங்கைப் பாத்து போகியை வெட்டிட்டு, பாடியை மட்டும் 87-ல வெட்டியிருக்கார். உடம்பு 87, கால் 93.5. வளைவாம், படிக்கட்டாம். கதை!

மொட்டைமாடி லேஅவுட்:
எந்த ரெண்டு எண்ணை வேணாலும் எதாலயாவது பெருக்கினா எதாவது வரும் சார். ஐ.சி.எஃப். கோச்சுக்கு 93.5-ல டிராயிங் போட்டவன் உலகத்துலயே எவன்? அந்த டிராயிங் எங்க இருக்கு, காட்டுங்க.

உங்க வெர்னியர் மேலயே எனக்கு சந்தேகம். பர்மா பஜார்ல வாங்கினதா? பூஜ்யத்துல நிக்குதான்னு பாத்தீங்களா?

பெரம்பூர் கேரேஜ்:
பத்து ரூபாய் காசு 27 மி.மீ. என் வெர்னியர்ல வெச்சேன். 27.0. உங்ககிட்டயும் பத்து ரூபாய் இருக்கும், இல்லன்னா சொல்லுங்க, அனுப்பறேன். அளந்துட்டு வாங்க. அளக்காம பேசாதீங்க.

பி4 பித்தன்:
நல்லது, அளப்போம். சக்கரத்தின் விளிம்பை அளந்தீர்களா? ரெடிமேட் வண்டிகளில் பரவலாக இருக்கும் ஆர்.பி.25 கோட் 110 என்ற தர அளவுச் சக்கரத்தில் பிளாஞ்சின் (தண்டவாளத்தின் உட்பக்கம் இறங்கும் விளிம்பின்) ஆழம் 0.64 மி.மீ. நிஜச் சக்கரத்தில் புதிதாகக் கடைந்த பிளாஞ்ச் 28.5 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 0.33. உங்கள் பெட்டியின் பிளாஞ்ச் இரண்டு மடங்கு பெரியது. போகி ஏழு சதவீதம் குறைந்ததற்கு இத்தனை ஆர்ப்பாட்டம். நூறு சதவீதம் கூடியதற்கு ஒரு வார்த்தை இல்லை.

பெரம்பூர் கேரேஜ்:
பிளாஞ்ச் அந்த ஆழம் இல்லன்னா தண்டவாளம் பிரியற பாயிண்டுல தடம் புரளும். ஓடணும்ல?

பி4 பித்தன்:
மிக்க நன்றி. "ஓடணும்ல." இதைத்தான் மொட்டைமாடி நண்பர் போகிக்குச் சொன்னார். அவர் சொன்னால் கதை, நீங்கள் சொன்னால் பொறியியல்.

பெரம்பூர் கேரேஜ்:
அது வேற, இது வேற. பிளாஞ்சைக் குறைச்சா ஓடாது. போகி 33.3 இருந்தா ஓடும். ஓடறதைக் குறைச்சதுதான் குத்தம்.

பி4 பித்தன்:
16.5-ஐ 19.26 ஆக்கினாலும் ஓடும். நான் ஓட்டுகிறேன். கையால் குறுக்குக்கட்டை அடுக்கி, தண்டவாளம் பற்றவைத்து, அச்சை மாற்றி ஓட்டுகிறேன். ஆகவே அதைக் குறைத்ததும் குற்றம்.

இங்கிலாந்தை உதாரணம் காட்டினீர்கள். முழுக்கதையும் கேளுங்கள். அந்த நாட்டு எஞ்சின்கள் உடல் சிறுத்தவை. அக்கால மோட்டார் ஹெச்.ஓ. அளவு உடலுக்குள் அடங்கவில்லை. அதனால் உடலை மட்டும் அடிக்கு 4 மி.மீ. ஆக்கினார்கள், 1:76.2. தண்டவாளம் பழைய 16.5-லேயே நின்றுவிட்டது. 1938-ல் ஹார்ன்பி டப்ளோ வந்தது, அதோடு வேரூன்றிவிட்டது. நாலடி எட்டரை அங்குலப் பாதை நாலடி ஒன்றரை ஆகிப்போனது. ஆனால் அங்கே பொறுக்க முடியாதவர்கள் சும்மா இருக்கவில்லை. 18-ல் இ.எம். என்று கிளம்பி 18.2-க்கு வந்தார்கள், பிறகு 18.83-ல் பி4 என்று கிளம்பினார்கள். இங்கே நாம் 16.5-ல் உட்கார்ந்துகொண்டு பக்கத்து ஆளின் போகியை அளக்கிறோம்.

பெட்டியை முன்னாலிருந்து பாருங்கள். ஐ.சி.எஃப். போகியின் பக்கச்சட்டம் சக்கரத்துக்கு வெளியே இருக்கும். மாடலில் சட்டம் சரியான அகலத்தில் நிற்கிறது, சக்கரம் மட்டும் பக்கத்துக்கு 1.4 மி.மீ. உள்ளே ஒடுங்கி நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே இருட்டாக ஒரு சந்து. அது கண்ணில் படவில்லையா?

பெரம்பூர் கேரேஜ்:
நான் வண்டியைப் பக்கவாட்டுல பாக்கறவன். பிளாட்பாரத்துல நிக்கற ஜனம் பக்கவாட்டுலதான் பாக்கும். பக்கவாட்டுல பாத்தா கேஜ் தெரியாது. 31 தெரியும்.

யாழ்தேவி ரசிகன்:
நான் கொழும்பிலயிருந்து எழுதுறன். உங்கட சண்டையைப் பார்க்கப் பொறாமையா இருக்கு. எங்கட நாட்டிலயும் அதே 1,676 பாதைதான். உங்கட பெரம்பூரில செய்த எஸ்11, எஸ்13 எல்லாம் இஞ்ச ஓடுது. ஆனா ரெடிமேட் மாடல் எண்டு தேடினா ஒண்டும் இல்லை. எம்2 எஞ்சின் தெரியும்தானே, கனடாவில செய்தது, அல்பேர்ட்டா, ஒன்டாரியோ எண்டு அந்த நாட்டு மாகாணப் பேர் வைச்சது. அதைப் பிளாஸ்டிக் தகடு வெட்டித்தான் செய்துகொண்டிருக்கிறன். நீங்கள் 2.3 மி.மீ.க்கு அடிபடுறியள்.

ஒரு கேள்வி. அந்த 31 போகியைத் தனியா விக்கிறாங்களோ? எனக்கு 31 எண்டாலும் காணும்.

பெரம்பூர் கேரேஜ்:
காணும்னு சொல்லாதீங்க தம்பி. இப்படி "காணும் காணும்"னு எல்லாரும் வாங்கறதாலதான் அவங்க 31-லயே நிக்கறாங்க.

யாழ்தேவி ரசிகன்:
ஐயா, கேட்ட கேள்விக்குப் பதில்?

செங்கோட்டை மீட்டர்கேஜ்:
ஒருத்தரும் நிஜ போகியை அளக்கலியே. 2,896-ன்னு புஸ்தகத்துல போட்டிருக்கு, சரி. தென்காசி ஸ்டேஷன்ல ராத்திரி ரேக்கு சும்மாத்தான் நிக்கும். டேப்பை எடுத்துட்டு எறங்கி அளந்து போட்டோ போட்டா பிரச்சினை முடிஞ்சிரும்லா?

மட்டுறுத்துநர்:
யாரும் இறங்க வேண்டாம். தண்டவாளத்தில் அத்துமீறி இறங்குவது ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147-ன்படி குற்றம். இப்படி யோசனை சொல்லும் பதிவுகளை நீக்கிவிடுவேன்.

செங்கோட்டை மீட்டர்கேஜ்:
சும்மா சொன்னேன்யா. மீட்டர்கேஜுன்னா ஆளே எளக்காரம், இப்ப வாயைத் தொறந்தாலும் கேசு.

பெரம்பூர் கேரேஜ்:
அளக்க வேண்டிய அவசியமே இல்ல. நான் சொல்றேன், ஒன்பதரை அடி. கையால தொட்டு வேலை பாத்திருக்கேன். ஆக்ஸில் பாக்ஸைக் கழட்டி, டேஷ்பாட்டுல எண்ணெய் எவ்வளவு நிக்குதுன்னு கம்பி விட்டுப் பாத்த கை இது.

மொட்டைமாடி லேஅவுட்:
ஐ.சி.எஃப்.ல வேலை பாத்ததா சொல்றீங்களா?

பெரம்பூர் கேரேஜ்:
ஐ.சி.எஃப். வேற, கேரேஜ் ஒர்க்ஸ் வேற. அவன் புதுசு கட்டறவன். நாங்க பி.ஓ.எச்.ல, அதாவது காலமுறைப் பராமரிப்புக்கு, வர்றதைப் பிரிச்சுப் போட்டுத் திரும்ப மாட்டறவங்க. இந்த வித்தியாசம் கூடத் தெரியாதவர் போகியைப் பத்திப் பேச வந்துட்டார்.

மொட்டைமாடி லேஅவுட்:
பி.ஓ.எச். பொன்மலையிலயும்தான் நடக்குது. உங்களோட ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கு, ஞாபகம் இருக்கா? விற்பனைப் பகுதியில என்கிட்ட ஒரு டீசல் எஞ்சின் தள்ளிவிட்டீங்க. "பெட்டி பிரிக்காத மாதிரி கண்டிஷன்"னு எழுதினீங்க. ஓட்டிப் பாத்தா டிக் டிக் டிக்னு துள்ளுது. கழட்டினா அச்சுல இருக்கிற பிளாஸ்டிக் கியர் விரிசல். 2.3 மி.மீ. கண்ணுக்குத் தெரியற உங்களுக்கு அந்த விரிசல் தெரியலையா?

பெரம்பூர் கேரேஜ்:
கியர் விரிசல் அந்த மாடலுக்கே வர்ற வியாதி. உலகம் முழுக்கத் தெரியும். கியரை மாத்திக்க வேண்டியதுதான். நான் விக்கும்போது ஓடிச்சு. அதோட வீல்பேஸ் சரியா இருந்துச்சா இல்லையா, அதைச் சொல்லுங்க.

மொட்டைமாடி லேஅவுட்:
ஓடாத வண்டிக்கு வீல்பேஸ் சரியா இருந்து என்ன சார் பண்றது? ஷோகேஸ்ல வெச்சு ஆரத்தி எடுக்கவா?

மட்டுறுத்துநர்:
விற்பனைத் தகராறு தனிமடலில். இங்கே வேண்டாம்.

நம்பர்ப் பைத்தியம்:
437 பத்தி இன்னும் யாரும் பதில் சொல்லல. செஞ்சவரோட பேசறேன்னு சொல்ற மொட்டைமாடி சார், அதைக் கேட்டுச் சொல்லுங்க.

மொட்டைமாடி லேஅவுட்:
கேட்டேன். அடுத்த பேட்ச்சுல பாத்துக்கறேன்னார்.

நம்பர்ப் பைத்தியம்:
அப்ப முதல் பேட்ச் வாங்கினவங்க? எல்லாத்துலயும் 05437-தான். ஒரே ரேக்குல பத்து கோச்சு, பத்துக்கும் ஒரே நம்பர், அதுவும் ஜெனரல் நம்பர். ஆர்.ஏ.சி. டிக்கெட் வெச்சிருக்கிறவன் எந்தப் பெட்டியில ஏறுவான்?

பெரம்பூர் கேரேஜ்:
திரும்பத் திரும்ப நம்பரா? எலும்பு உடைஞ்சிருக்குன்னு சொல்றேன், நகப்பூச்சு கலரைப் பத்திப் பேசறீங்க.

நம்பர்ப் பைத்தியம்:
நகப்பூச்சா? போன வருஷம் நீங்க போட்ட ஏ.சி. த்ரீ டயர் போட்டோவுல நம்பர் 231-ன்னு இருந்துச்சு. ஏ.சி. த்ரீ டயருக்கு 101-லேர்ந்து 150. அப்பவே சொன்னேன், என்னை பிளாக் பண்ணிட்டீங்க. அந்தக் கடுப்புதான் இதெல்லாம்.

பெரம்பூர் கேரேஜ்:
பிளாக் பண்ணது நம்பருக்காக இல்ல. நடுராத்திரி ஒரு மணிக்கு மெசேஜ் பண்ணதுக்காக.

பி4 பித்தன்:
ஸ்லீப்பர் கோச் தன் மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும் ரகம். அச்சிலிருந்து பெல்ட் போட்டு ஆல்டர்னேட்டரைச் சுற்றும், 110 வோல்ட் பேட்டரி கீழே தொங்கும். இந்த மாடலில் பேட்டரிப் பெட்டி இருக்கிறது, ஆல்டர்னேட்டரும் இல்லை, பெல்ட்டும் இல்லை. போகியை மணிக்கணக்காக அளந்த போகி ஷாப்காரர் கண்ணில் அது படவேயில்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

பெரம்பூர் கேரேஜ்:
பட்டுச்சு. சொல்லல. அதெல்லாம் தனியா வாங்கி ஒட்டலாம். வீல்பேஸை ஒட்ட முடியாது. எத்தனை தடவை சொல்றது? 33.3, 33.3, 33.3.

பி4 பித்தன்:
16.5.

யாழ்தேவி ரசிகன்:
ஐயாமார், போகி தனியா கிடைக்குமோ கிடைக்காதோ? ஆராவது சொல்லுங்கோ. தபால்செலவும் எவ்வளவு எண்டு தெரிய வேணும்.

மொட்டைமாடி லேஅவுட்:
கிடைக்கும் தம்பி, நான் வாங்கி அனுப்பறேன். தனிமடல் போடுங்க. அடுத்த மாசம் அவர் எல்.எச்.பி. கோச்சும், ஐ.சி.எஃப்.க்கு அடுத்து வந்த டிசைன், கொண்டு வர்றார், அதுக்கும் சேத்துச் சொல்லி வெக்கறேன்.

பெரம்பூர் கேரேஜ்:
எல்.எச்.பி.யா? அதுக்கு இருக்கற ஃபியட் போகி வீல்பேஸ் 2,560. வகுத்தா 29.4. எல்லாரும் குறிச்சு வெச்சுக்கோங்க. அந்த வீடியோத் தம்பிக்கும் யாராவது அனுப்புங்க. ஒருவேளை அதே 31-ஐ அதுக்கும் மாட்டி அனுப்பினாலும் அனுப்புவாங்க.

மொட்டைமாடி லேஅவுட்:
கோச்சு இன்னும் அச்சுக்கே போகல, அதுக்குள்ள குத்தப்பத்திரிகை ரெடி.

நம்பர்ப் பைத்தியம்:
எல்.எச்.பி. ஸ்லீப்பர்ல 80 பெர்த். ஐ.சி.எஃப். மாதிரி 72-ன்னு அடிச்சிடப் போறார், முன்னாடியே சொல்லிடுங்க.

செங்கோட்டை மீட்டர்கேஜ்:
YDM4 எப்பம் வரும்னு கேட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி.